போலித் திரையும் மெய்க் குறையும்

காஞ்சியையடுத்த ஏனாத்தூர், பட்டுத்தறிகளுக்கு அண்மையிலேயே கணினிக் கல்வி பயிற்றும் பல்கலைக்கழகத்தையும் கொண்ட ஊர். சரிகையின் மெய்ம்மையை அறிய, நெசவறிந்தோர் அதன் மேற்பூச்சைச் சுரண்டிப் பார்ப்பர். உள்ளே செந்நிறப் பட்டிழை தெரிதல் வேண்டும். செம்புக் கம்பி தெரியின் அது போலி. கணினித் தமிழையும் அவ்வாறே சுரண்டிப் பார்க்க வேண்டியுள்ளது. அதற்கு உதவுவதோ ஒரு போலி நிரலே!

லினக்சு இயங்குதளத்தின் கட்டளைத் திரையில், கணினியின் பெயர், கருனி, நினைவகம் முதலியவற்றைச் சின்னத்தோடு வரிசைப்படக் காட்டும் சிறு நிரல்கள் உண்டு. அவற்றுட் பெயர்பெற்றது, திலன் அராப்சு என்பார் பாசு மொழியில் எழுதிய நியோபெட்சு; 2024-இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அது கணினியையே வினவி விடை கூறும். அதனைப் போலச் செய்த நிரலோ எதனையும் வினவாது, எழுதிவைத்ததையே காட்டும். 4 கிகாபைட்டு நினைவகத்தை 4,000 என்னலாம். இளைஞர்தம் விளையாட்டு, தீங்கில்லை.

ஆனால், அவ்வரிகளைத் தமிழில் எழுதியவுடன் விளையாட்டு முடிந்துவிடுகின்றது. ‘கொள்ளளவு’ என்னும் சொல்லையே கொள்க. ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரு குறியெண்களாய்ச் சேமிக்கப்படும். காட்டுங்கால் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்றல் வேண்டும். இந்நெறி அறியாத திரையில் எழுத்துச் சிதைகின்றது. திரை முழுதும் ஒத்த அளவுள்ள கட்டங்களாதலின், அகன்ற ணகரமும் ஒடுங்கிய ரகரமும் ஒன்றையொன்று நெருக்க, வரிசை கோணுகின்றது. லினக்சின் வெறுந்திரையிலோ 512 உருக்களுக்கு மேல் இடமேயில்லை. ஆக, நிரல் கூறும் செய்தி பொய். அது காட்டும் சிதைவு மெய்.

தமிழ் கட்டளைத் திரைக்கு ஒவ்வாத மொழி என்று உடனே தீர்ப்புக் கூறுவார் உளர். சீன எழுத்து ஒவ்வொன்றற்கும் இரு கட்டங்கள் ஒதுக்கித் திரைகள் இடந்தரவில்லையா? அங்கே கேட்பாரும் செய்வாரும் இருந்தனர். இங்கோ, ஒருங்குறியில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், எழுத்து ஒவ்வொன்றற்கும் தனியிடம் தரும் 16 துணுக்குக் குறியாக்கத்தையும் ஏற்றது. ஆணை பிறந்தது, கட்டளைத் திரையை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

லினக்சுத் திரைகளின் மூலநிரல்கள் எவரும் திருத்துமாறு திறந்தே கிடக்கின்றன. ஏனாத்தூரில் கணினி பயிலும் மாணவர், தம் இறுதியாண்டுப் பணியாக வேறு எதனையோ படியெடுப்பதை விட்டு, ‘கொள்ளளவு’ என்னும் ஒரு சொல்லைப் பிழையின்றித் திரையில் நிறுத்தட்டும்.