தெரிந்தும் தோற்பவர்கள்

தொலைக்காட்சியில் வினாடி வினாப் போட்டி போகும்போது நம் வீடுகளில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேள்வி முடியுமுன்னே மகன் விடையைக் கத்துவான். அடுப்படியிலிருந்து உம்மா அதைத் திருத்துவார். "நான் போயிருந்தால் பரிசு எனக்குத்தான்" என்று வாப்பா சொல்லாத வீடு உண்டா? ஆனால் மேடையில் நிற்பவர்களுக்கும் பெரும்பாலும் அதே விடை தெரிந்துதான் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வெல்வது யார், சகோதரிகளே?

அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியைப் பார்த்தால் இது விளங்கும். 1964இல் இதைத் தொடங்கியவர் மேர்வ் கிரிஃபின். யோசனை அவருடைய மனைவி ஜூலனுடையது. 1950களில் அங்குள்ள வினாடி வினா நிகழ்ச்சிகளில், வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே விடை கொடுத்த மோசடி வெளியாகி, மக்கள் நம்பிக்கை இழந்திருந்தார்கள். அப்படியென்றால் எல்லோருக்குமே விடையைக் கொடுத்துவிட்டு, கேள்வியைச் சொல்லச் சொல்லலாமே என்றார் அந்த அம்மா, விமானப் பயணமொன்றில். "5,280" என்றார். ஒரு மைலுக்கு எத்தனை அடி என்பது கேள்வி. கணவருக்கு விஷயம் பிடித்துவிட்டது. நிகழ்ச்சியின் புகழ் அவருக்கே போனது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பல நாட்கள் வென்றவர்களை ஒன்றுசேர்த்து வெற்றியாளர் போட்டியும் நடத்துகிறார்கள். நீண்ட காலம் இருந்த முறை இது: பதினைந்து பேர், மூவர் மூவராக ஐந்து ஆட்டங்கள். வென்ற ஐவரோடு, தோற்றவர்களில் கூடிய புள்ளி பெற்ற நால்வரும் அரையிறுதிக்குப் போவார்கள். எவ்வளவு புள்ளி போதும் என்று கணக்குப் போட்டு ஆடிவிடக் கூடாதென்று, முறை வராதவர்களை முந்தைய ஆட்டங்களைப் பார்க்க விடாமல் தனியே வைத்திருப்பார்கள். மூவர் மிஞ்சும் இறுதியாட்டம் இரண்டு நாள். இரு நாள் புள்ளியையும் கூட்டித்தான் முடிவு.

இவ்வளவு தூரம் வருபவர்களுக்குத் தெரியாதது குறைவு. அங்கே தீர்ப்புச் சொல்வது பெருவிரல். நடத்துபவர் கேள்வியை வாசித்து முடித்ததும் பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அதன் பிறகே பொத்தானை அழுத்தலாம். முந்தி அழுத்தினால் கால் செக்கனுக்குப் பொத்தான் வேலை செய்யாது. அந்தக் கால் செக்கனில் பக்கத்தில் நிற்பவர் விடையைச் சொல்லிவிடுவார். பிள்ளைகளைப் பாடசாலைப் போட்டிகளுக்கு அனுப்பும் நாம் பொது அறிவுப் புத்தகத்தை மனனமாக்கத்தான் வைக்கிறோம். கேள்வி முடியும்வரை பொறுத்திருக்கப் பழக்குகிறோமா?

அடுத்தது கணக்கு. கடைசிக் கேள்வியின் தலைப்பு மட்டும் தெரிந்த நிலையில், சேர்த்த புள்ளியில் எவ்வளவை வைப்பதென்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2020 ஜனவரியில் எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார் என்று பார்க்க மூவரை மோத விட்டார்கள். ஒருவர் 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்ற கென் ஜெனிங்ஸ். மற்றவர் 2019இல் 32 ஆட்டங்கள் வென்ற ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர். இவருடைய தொழில் விளையாட்டுகளில் பந்தயம் கட்டுவது. அந்தத் தொழில் நமக்கு வேண்டாம், கணக்கை மட்டும் பார்ப்போம். மூன்றாமவர் பிராட் ரட்டர்.

நான்காம் நாளின் கடைசிக் கேள்வி வந்தபோது, முதல் ஆட்டத்தையும் சேர்த்து ஜெனிங்ஸிடம் 88,600 புள்ளி. ஹோல்ஸ்ஹவரிடம் முதல் ஆட்டத்தில் 34,181, இரண்டாவதில் 44,000. அந்த 44,000ஐயும் வைத்து வென்றால் 1,22,181 ஆகும். இரண்டாவது ஆட்டத்தில் ஜெனிங்ஸிடம் இருந்தது 23,000 மட்டுமே. அதை முழுதாக வைத்து வென்றாலும் 1,11,600தான், எட்டாது. எதிரி பிழைவிட்டாலோ எதையும் வைக்காமலே வெற்றி. ஆகவே ஜெனிங்ஸ் வைத்தது பூச்சியம். கேள்வி ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களைப் பற்றியது. பெயர் தலைப்பில் வராத பாத்திரங்களில் மிக அதிகமாக, 272 தடவை பேசுபவர் யார்? ஹோல்ஸ்ஹவர் 'ஹொரேஷியோ' என்று எழுதியிருந்தார். சரியான விடை 'ஒதெல்லோ'வில் வரும் இயாகோ. ஜெனிங்ஸுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் தெரியாமல் இருந்திருந்தாலும் அன்று அவர்தான் வென்றிருப்பார். பரிசு ஒரு மில்லியன் டொலர். உலகம் போற்றிய ரட்டர், நான்கு நாளில் ஒரு நாள்கூட வெல்லவில்லை.

இந்த மூவரும் ஆண்கள். வெற்றியாளர் போட்டியிலும் 1985இலிருந்து 1993 வரை ஒன்பது முறையும் பரிசு ஆண்களுக்கே போயிற்று. 1994இல்தான் ரேச்சல் ஷ்வார்ட்ஸ் என்ற பெண் அதை வென்றார். அவருக்குப் பின் 2000இல் ரொபின் கரோல், 2007இல் செலஸ்ட் டிநூச்சி. ஒரு பெண் யோசித்துக் கொடுத்த விளையாட்டின் மிகப் பெரிய மேடையில், 1985இலிருந்து எண்ணினால், இன்னொரு பெண் வெல்ல ஒன்பது வருடம் எடுத்திருக்கிறது.