விலை குறைந்த டயரும் மே மாத மழையும்

தீவில் கார் வைத்திருப்போர் ஆண்டை இரண்டாகத்தான் பகுத்துக்கொள்கிறோம். சனவரி முதல் ஏப்ரல் வரை வெயில். மே மாதம் மூன்றாம் வாரம் தொடங்கி ஆண்டிறுதி வரை மழை. தென்மேற்குப் பருவக்காற்று இந்திய மண்ணில் முதலில் கால்வைப்பது அந்தமானில். அது விடைபெறும் வேளையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்து நிற்கும். சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், இங்கே ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். ஆனால் டயர் வாங்கும்போது மட்டும் நாம் சென்னைவாசிகளாகிவிடுகிறோம். அங்குள்ள உறவினர் எதைப் பரிந்துரைத்தாரோ, எது மலிவு என்றாரோ, அதையே டாலிகஞ்சிலும் கேட்டு வாங்குகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் எங்கள் சிறிய காருக்கு நான்கு டயர்களையும் மாற்றினோம். கடையில் இருந்தவற்றுள் மிகக் குறைந்த விலை எதுவோ அதையே தேர்ந்தோம். மூன்று மாதம் அவற்றின் புகழைப் பாடாத நாளில்லை. சத்தமில்லை, அதிர்வில்லை, பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நின்றது. மிச்சமான பணத்தை எண்ணி மகிழ்ந்தோம். மே மாத இறுதியில் ஒரு காலை, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம், இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ ஒன்று திடீரென நின்றது. வழக்கமான இடத்தில் வழக்கமான அழுத்தத்தில் பிரேக்கை மிதித்தோம். வண்டி நிற்கவில்லை, வழுக்கியது. ஆட்டோவின் பின்புறத்துக்கும் எங்கள் முன்புறத்துக்கும் இடையே கடைசியில் எஞ்சியது ஒரு முழம். பின்னிருக்கையில் அமர்ந்து திரும்பிப் பார்த்த ஒரு சிறுமியின் கண்கள் இன்றும் எங்களுக்கு நினைவிருக்கின்றன.

இதைச் சொன்னபோது நண்பர்கள் பலரும் தத்தம் கதையைச் சொன்னார்கள். வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், வெயிற்காலத்தில் எல்லா டயரும் நல்ல டயர்தான் என்றார். அச்சொல்லில் இருக்கும் உண்மையைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

உலர்ந்த சாலை மறைப்பதை ஈரச்சாலை காட்டும்

ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு பரப்பில் மட்டுமே. ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியை நம்பியே. உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் நேரடியாகக் கல்லைப் பற்றுகிறது. அங்கே மலிவான டயருக்கும் விலையுயர்ந்த டயருக்கும் உள்ள வேறுபாடு அன்றாட ஓட்டத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. ஈரத்தில் நிலைமை வேறு. ரப்பருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் வந்துவிடுகிறது. டயரின் பட்டன்களுக்கு இடையேயுள்ள வரிப்பள்ளங்கள் அந்நீரை வாங்கிப் பக்கவாட்டில் வெளியேற்றவேண்டும். வேகம் கூடினால் நொடிக்குப் பல லிட்டர் நீரை அவை அகற்ற நேரும். அகற்ற முடியாதபோது டயர் நீரின்மீது ஏறி மிதக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் நம் கையில் வெறும் பொம்மைகளே.

பள்ளங்களைப் போலவே ரப்பர்க் கலவையும் முக்கியம். நெடுங்காலம் டயர் ரப்பருக்கு வலுவூட்டியது கார்பன் கறுப்பு. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் அதன் பெரும்பகுதிக்கு மாற்றாகச் சிலிகாவைச் சேர்த்த டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் சேமிப்பும் ஈரச்சாலைப் பிடிப்பும் ஒருங்கே கூடின. பிறகு மற்ற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் சிலிகாவை ரப்பருடன் இணைக்கத் தனி வேதிப்பொருளும் கூடுதல் கவனமும் தேவை, செலவு கூடும். விலையைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர் முதலில் கைவைக்கக்கூடிய இடங்களில் கலவையும் ஒன்று. கடினமான கலவை மெதுவாகத் தேயும். ஆகவே நெடுநாள் உழைக்கும் டயர் என்று நாம் பாராட்டுவது சில வேளைகளில் ஈரத்தில் பிடிப்புக் குறைந்த டயராகவும் இருந்துவிடுகிறது.

எண்களால் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் கெழு 0.8 உள்ள உலர்ந்த சாலையில், பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும். ஈரச்சாலையில் நல்ல டயருக்கு அக்கெழு 0.5 எனக் கொண்டால் 20 மீட்டர். பிடிப்புக் குறைந்த டயருக்கு 0.4 எனக் கொண்டால் 25 மீட்டர். ஐந்து மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அது இன்னும் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். சாலையைக் கடக்கும் ஒரு முதியவர் அவ்விடத்தில் நின்றிருந்தால், முதல் காரின் ஓட்டுநர் அவரிடம் மன்னிப்புக் கேட்பார். இரண்டாமவர் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டியிருக்கும்.

வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே என்பார் சிலர். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் அது கட்டாயம், நல்லதுதான். ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமே தவிர, டயரில் இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது.

மலிவைப் பழிப்பது நம் நோக்கமன்று

காசுக்கேற்ற தோசை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது, நேர்மையன்று. மாதத் தவணை கட்டி வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு நான்கு டயர்களில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருக்கலாம். மேலும், தீவுக்கு வரும் பெரும்பாலான பொருள்களைப் போல டயரும் கப்பலேறி வருகிறது. சரக்குக் கட்டணம் விலையில் ஏறிவிடுகிறது.

வேகத்தின் பங்கையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மேற்சொன்ன அதே கணக்கை மணிக்கு 30 கிலோமீட்டருக்குப் போட்டால், நல்ல டயர் 7 மீட்டரிலும் சாதாரண டயர் 9 மீட்டருக்குள்ளும் நின்றுவிடும். அதாவது, மலிவான டயரில் 30இல் செல்பவர், விலையுயர்ந்த டயரில் 50இல் செல்பவரைவிடப் பாதுகாப்பானவர். அதேபோல, பள்ளங்கள் ஆழமாக உள்ள புதிய மலிவு டயர், மொட்டையாகிவிட்ட புகழ்பெற்ற டயரைவிடத் தேங்கிய நீரில் பெரும்பாலும் மேலானதே. பெயரை நம்பித் தேய்ந்த டயரை இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டுவதும் சிக்கனமன்று.

நாம் எதிர்ப்பது மலிவையன்று, அறியாமல் வாங்கும் மலிவை. சட்டம் நமக்கு ஓரளவு துணைநிற்கிறது. 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி டயர்களுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம். 2020 சூனில் வெளிநாட்டுப் புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், எங்கிருந்தோ வந்து குவிந்த மலிவுச் சரக்குக் குறைந்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட ஏஐஎஸ் 142 என்னும் விதிமுறை, ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும் எதிர்ப்பு, ஒலி ஆகிய மூன்றுக்கும் எல்லை வகுத்தது. புதிய வடிவமைப்புகளுக்கு அவ்வாண்டு அக்டோபரிலிருந்தே அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. தேர்ச்சி மதிப்பெண் நிர்ணயித்தாயிற்று. ஆனால் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் மதிப்பெண் யாருக்கு, கடைசி மதிப்பெண் யாருக்கு என்பதைக் கடையில் நிற்கும் நாம் எப்படி அறிவது? ஐரோப்பாவில் 2012 முதல் ஈரப்பிடிப்புத் தரத்தை எழுத்துக் குறியாக அச்சிட்ட சீட்டு டயருக்கு உண்டு. குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திரம் பார்த்து வாங்கப் பழகிய நம் மக்களுக்கு, ஒவ்வொரு டயரிலும் அத்தகைய சீட்டைக் கட்டாயமாக ஒட்டித் தருவதே அடுத்த படியாக இருக்கவேண்டும் என்பது எம் கருத்து. ஆண்டில் ஏழு மாதம் நனையும் இத்தீவுகளுக்கு அது மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு தேவை.

வாங்கும்முன் நான்கு சோதனைகள்

அதுவரை நாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. முதலாவது, பிறந்தநாள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் தயாரானது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பர் முதுமையடையும். வெப்பமும் வெயிலும் அதை விரைவுபடுத்தும். கப்பலில் வந்து கிடங்கில் நெடுநாள் கிடந்த சரக்கைப் புதியதென்று வாங்கிவிடக் கூடாது.

இரண்டாவது, பள்ளத்தின் ஆழம். புதிய கார் டயரில் அது 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6 மில்லிமீட்டர்; பள்ளத்தின் அடியிலுள்ள சிறு மேடுகள் அந்த எல்லையைக் காட்டும். பட்டன் தேய்ந்து அம்மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்கு அவ்வளவு காத்திருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு இறங்கியதுமே, மே மாதத்துக்கு முன் மாற்றிவிடுவது அறிவுடைமை.

மூன்றாவது, காற்றழுத்தம். அழுத்தம் குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே நீரில் மிதக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்து ஜாரவா காப்புப் பகுதி வழியே அணிவகுப்பாகச் செல்லும் வண்டிகள் இடையில் நிற்கக் கூடாது என்பதை நாமறிவோம். காற்றில்லாத ஸ்டெப்னியோடு அச்சாலையில் நிற்பது நமக்கு மட்டுமன்று, பின்னால் வரும் அத்தனை வண்டிகளுக்கும் இடையூறு.

நான்காவது, இரண்டு டயர் மட்டுமே வாங்க முடிந்தால் அவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்துவது. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க இயலாது.

கணக்குப் புத்தகத்தில் டயருக்கு ஓர் இடம்

வங்கி வாடிக்கையாளர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கார் வாங்கும்போது தவணை, காப்பீடு, எரிபொருள் மூன்றையும் கணக்கிடுகிறோம். டயரை மட்டும் திடீர்ச் செலவாகக் கருதுகிறோம். ஓடினால் தேயும் என்று தெரிந்த பொருள் எப்படித் திடீர்ச் செலவாகும்? திடீர்ச் செலவு என்று நினைப்பதால்தான் கையில் பணமில்லாத நாளில் கடைக்குப் போகிறோம், இருப்பதில் மலிவானதைக் கேட்கிறோம்.

3000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்குப் பத்துக் காசு. 4500 ரூபாய் டயர் 50,000 கிலோமீட்டர் உழைத்தால் ஒன்பது காசு. எடுத்துக்காட்டுக் கணக்குதான், ஆயினும் விலைச்சீட்டு ஒன்றையே பார்ப்பது சிக்கனமாகாது என்பதை உணர்த்தப் போதும். மாதம் 500 ரூபாய் தொடர்வைப்பில் செலுத்தி வந்தால் மூன்றாண்டில் 18,000 ரூபாயும் வட்டியும் சேரும். ஒரு சிறிய காரின் நான்கு நல்ல டயர்களுக்கு அது ஏறத்தாழப் போதுமானது. 2025 செப்டம்பர் 22 முதல் டயர்மீதான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதும் இவ்வேளையில் நமக்கு ஆறுதல். அந்தக் குறைவை இன்னும் மலிவான டயருக்குப் பயன்படுத்தாமல், அதே செலவில் ஒரு படி மேலான டயருக்குப் பயன்படுத்தலாமே.

காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் இயலாது. வழக்கமான முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு இல்லை. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான், அதுவும் மாற்றும் செலவில் பாதியளவே. தேய்மானத்துக்கு எதுவுமில்லை.

அன்றைய காலைக்குப் பின் எங்கள் காரின் டயர்களை ஒரு வாரத்துக்குள் மாற்றினோம். கைநட்டம்தான். ஆனால் அந்த நட்டத்தை எழுதும்போதெல்லாம் அதன் எதிர்ப்பக்கத்தில் ஆட்டோவின் பின்னிருக்கைச் சிறுமியை எழுதிக்கொள்கிறோம், கணக்கு நேராகிவிடுகிறது. அடுத்த மே மாதத்துக்குள், வாசகர்களே, ஒருமுறை குனிந்து உங்கள் வண்டியின் நான்கு உள்ளங்கைகளையும் பாருங்கள்.