குளிர்கால ஆமையும் கடைக்கீரையும்

நாய்க்குப் பசித்தால் குரைத்துக் கேட்கும். பூனை காலைச் சுற்றிவரும். ஆமை எதுவும் கேட்பதில்லை. பிழையான உணவைத் தின்றபடியே மாதக்கணக்கில் நலிந்துகொண்டிருக்கும். வீட்டாருக்கு விடயம் புரியும் வேளையில் அதன் ஓடு மெதுமையாகியிருக்கும். குளிர்நாடுகளிலே செல்லப்பிராணியாக ஆமை வளர்ப்போர் இதைப் போதியளவு சிந்திப்பதில்லை என்பது எனது அபிப்பிராயம்.

மத்தியதரைக்கடற் பிரதேச ஆமைகள் இயல்பாகவே குளிர்காலத்தை உறக்கத்திற் கழிப்பவை. ஆபிரிக்காவின் சஹாராப் பாலைவன விளிம்பைச் சேர்ந்த சுல்காட்டா ஆமைக்கு அந்த உறக்கம் கிடையாது. எமது வரண்ட வலயத்து நட்சத்திர ஆமைக்கும் அப்படியே. ரொரன்ரோவில் வெளியே உறைபனி மூடிக்கிடக்கும் மாதங்களிலும் சுல்காட்டா தின்றாக வேண்டும். புல்லுக்கு எங்கே போவது? பல்பொருள் அங்காடியின் கீரைத் தட்டுத்தான் கதி.

ஸ்காபரோவில் எனது உறவினர் வீட்டில் அத்தகைய ஆமையொன்று வளர்கிறது. ஒருமுறை அங்கு தங்கியிருந்தபோது அதற்குத் தினமும் கிடைத்தவை ஐஸ்பேர்க் சலாது, வெள்ளரி, தக்காளி ஆகியன. “விருப்பமாய்த்தானே சாப்பிடுது, மாமா” என்றார் மருமகன். பிள்ளைகள் இனிப்பையும் விருப்பமாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

ஐஸ்பேர்க் சலாதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் கல்சியம் ஏறத்தாழ 18 மில்லிகிராம், பொஸ்பரஸ் 20. ஆமைக்கு வேண்டியதோ பொஸ்பரஸைப் போல இருமடங்கு கல்சியமாவது உள்ள உணவு. இல்லாவிடில் உடல் தனது எலும்பையும் ஓட்டையும் கரைத்து அந்தக் குறையை நிரப்பிக்கொள்ளும். கோடையிற் கனடியப் புற்றரைகளில் மஞ்சளாய்ப் பூத்து, வீட்டுக்காரர் களையென்று பிடுங்கி எறிகிறாரே டண்டிலயன், அதன் இலையில் கல்சியம் 187 மில்லிகிராம், பொஸ்பரஸ் 66. அதே இலையைக் குளிர்காலத்திற் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது வேடிக்கைதான். என்டைவ், எஸ்கரோல், கொலார்ட் இலைகளும் நல்லவை. கோவா இனத்தைச் சேர்ந்த கொலார்டை மட்டும் நாள்தோறும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இலத்தீன் அமெரிக்கர் கடைகளில் முள் நீக்கி விற்கப்படும் நாகதாளி மடலையும் ஆமை நன்கு உண்ணும்.

நம்மவர் தவறும் இடம் வேறொன்று. கீரை என்றாலே உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் நமக்கு இரத்தத்தில் ஊறியது. பசளி என்று நாம் வாங்கும் ஸ்பினாச்சில் கல்சியம் இருக்கிறது, உண்மை. ஆனால் அதிலுள்ள ஒக்சாலிக் அமிலம் அதைக் கட்டிப்போட்டுவிடும். தமிழ்க் கடையில் வாங்கும் முளைக்கீரையும் அந்த வகையே. முருங்கையிலை கல்சியம் மிக்கது, எனினும் புரதமும் அதிகமென்பதால் சிறிதளவே போதும்.

இதற்கும் மேலாக ஒன்றுண்டு. சுல்காட்டா கீரை தின்னும் பிராணியே அல்ல, புல் மேயும் பிராணி. கடைக்கீரையில் நார் போதாது. முயல்களுக்கென விற்கப்படும் உலர்புல்லைச் சிறிதாக நறுக்கி, நனைத்து, கீரையுடன் கலந்து கொடுப்பதே முறை. முதலில் முகம் திருப்பும், பின்னர் பழகிவிடும். யன்னலோரம் வெயில் படுகிறதே என்று ஆறுதல் கொள்வதும் வீண். விற்றமின் டி உண்டாக வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அதற்கென்றுள்ள விளக்கு இல்லாமல், எவ்வளவு கல்சியம் கொடுத்தாலும் உடலிற் சேராது.

ஓர் ஆமைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு எனது பதில் ஒன்றுதான்: வாங்காதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் சுல்காட்டாக் குஞ்சு 40 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது, 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. வாங்கியவர் முதுமையடைந்த பின்னும் அது தின்றுகொண்டிருக்கும். ஊர் ஞாபகத்தில் நட்சத்திர ஆமையைத் தேடுவோர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் முன்மொழிவின் பேரில் 2019 இல் அதன் சர்வதேச வர்த்தகம் கடும் தடைக்குட்படுத்தப்பட்டது.

ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு மலிவான வழியொன்று சொல்கிறேன். பறவைக் கூண்டுகளில் தொங்கவிட விற்கப்படும் வெள்ளைக் கட்டி வேறொன்றுமல்ல, கணவாய் ஓடுதான். மீன்கடையிற் கணவாய் துப்புரவாக்கும்போது அதை எறிந்துவிடுவார்கள். கேட்டு வாங்கி, உப்புப் போகுமளவு சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, காயவைத்து, ஆமையின் மூலையிற் போட்டுவிடுங்கள். தேவைப்படும்போது அதுவே கடித்துக்கொள்ளும்.