புழுவுக்கும் நாலு இலை விடுங்கள்



காலையில் வாட்ஸப்பில் வண்ணத்துப்பூச்சிப் படம் போட்டு வணக்கம் சொல்கிறீர்கள். சாயங்காலம் நீங்களே, "சார், கறிவேப்பிலையில பச்சைப் புழு. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறீர்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று படம் வரைந்து, பாகம் குறித்து, என்னிடம் மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நீங்கள்?

அந்தப் புழு பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. சின்னதில் பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். இரண்டு மூன்று வாரம் தின்னும், அவ்வளவுதான். செடி மறுபடி துளிர்க்கும். எதுவும் கடிக்காத செடியும் பிளாஸ்டிக் பூவும் எனக்கு ஒன்றுதான்.

தேன்சிட்டு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்தால் தேன் குடிக்க வரும். ஆனால் அது கூடு கட்டுவதற்குச் சிலந்தி நூல் வேண்டும். குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி வேண்டும். ஒட்டடையையும் பூச்சியையும் ஒழித்துவிட்டால் அது எதை நம்பிக் குடும்பம் நடத்தும்?

நம்ம தூத்துக்குடியில் காற்றில் உப்பு, பல தெருக்களில் கிணற்றிலும் உப்பு. மழையோ ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான். நர்சரியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் அலங்காரச் செடி இங்கே தாக்குப்பிடிக்காது. ஆவாரை, துளசி, சங்குப்பூ போதும். அரிசி கழுவிய தண்ணீரே பாதித் தேவையைத் தீர்த்துவிடும். காம்பவுண்டுக்கு வெளியே தானாக முளைத்த எருக்கை வெட்டாதீர்கள். வெந்தய வரியன் அதில் முட்டையிடும். எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. பால் கண்ணில் படக்கூடாது என்று பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கொசு வரும் என்பது நியாயமான பயம். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் ஆகும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மா வழுக்கி விழக்கூடாது என்றுதான் முற்றம் முழுக்க டைல்ஸ் போடப் பணம் அனுப்புகிறீர்கள். நடக்கும் வழிக்குப் போடுங்கள். சுவர் ஓரமாக இரண்டடி மண்ணை விட்டுவையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டிய மழையை அந்த இரண்டடி தாங்கியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான கார்த்திகை மழையில் கொஞ்சத்தையாவது அது குடிக்கும். மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீ இனங்களுக்கும் இடம் கிடைக்கும்.

பிரையண்ட் நகரில் மாடி வீடோ, மில்லர்புரத்தில் வாடகை வீடோ, ஒரு தொட்டி கறிவேப்பிலைக்கு இடம் இருக்கும். நாலு கொத்து குழம்புக்கு, ஒரு கொத்து புழுவுக்கு. மருந்து வேண்டாம்.

இந்த மழைக்காலத்தில் பூப்படம் அனுப்பாதீர்கள். கடிபட்ட இலையைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.