பொன் விளைந்த ஊரும் வாழ்வின் அளவுகோலும்

பொழுது புலரும் முன்னரே மாரிக்குப்பம் இரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக ஆண்களும் பெண்களும் பெங்களூரு செல்லும் வண்டியில் இடம் பிடிக்கின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம். இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பர். கோலார் தங்கவயலில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுவே அன்றாட வாழ்க்கை. மாநகரம் சம்பளம் தருகிறது. சொந்த ஊர் தலைசாய்க்க இடம் தருகிறது. இவர்களுடைய வாழ்வு உயர்ந்திருக்கிறதா என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

வாழ்க்கைத் தரம் என்பது வேறு. வாழ்வின் நலம் என்பது வேறு. வருவாய், நுகரும் பொருள், வீட்டு வசதி ஆகியவை முன்னதற்கு அளவு. உடல்நலம், கல்வி, பாதுகாப்பு, ஓய்வு, உறவினரோடு கழியும் பொழுது ஆகியவை பின்னதற்கு அளவு. வருவாயை மட்டும் கொண்டு நாடுகளை ஒப்பிடுவது போதாது என்று கருதியே, பொருளியல் அறிஞர் மஹபூப் உல் ஹக் அமர்த்தியா சென்னின் துணையோடு மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டை 1990ஆம் ஆண்டு உலகுக்கு வழங்கினார். வருவாயோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளப்பது அதன் முறை.

இந்த அளவுகோலைத் தங்கவயலின் பழைய வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். 1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கியது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் இவ்வூருக்கு வந்தது. பெங்களூருவின் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தே. ஆயினும் அந்த மின்சாரம் முதலில் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் கிளப்பும் இருந்தன. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லைன் வீடுகளின் சிற்றறைகளில் நெருங்கி வாழ்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அந்த வெப்பத்தில் உழைத்தவர்களைப் பாறை வெடிப்பும், கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயும் தொடர்ந்தன. மாதச் சம்பளம் வந்தது. அதை உழைத்துத் தந்த நுரையீரல் தேய்ந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மற்ற ஊர்களில் ஓர் ஆலை மூடப்பட்டால் வேலை போகும். இங்கோ குடியிருந்த வீடு, குடிநீர், மருத்துவமனை அனைத்தும் நிறுவனத்தையே நம்பியிருந்தன. எனவே சம்பளத்தோடு வாழ்வின் மற்றத் தூண்களும் ஆட்டங்கண்டன. சயனைடு மண்மேடுகள் மட்டும் அப்படியே நின்றன; காற்றடிக்கும் பருவத்தில் அவற்றின் தூசி இன்றும் வீடுகளுக்குள் வந்து படிகிறது.

மண்ணுக்கு அடியில் கிடைத்த செல்வத்தை நம்பிய இரு ஆப்பிரிக்க நாடுகளையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். சாம்பியா 1964இலும், போட்ஸ்வானா 1966இலும் விடுதலை பெற்றன. தாமிரம் விளைந்த சாம்பியா அன்று ஒப்பீட்டளவில் வளமான நாடு. போட்ஸ்வானாவோ உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. 1970களின் நடுவில் தாமிர விலை வீழ்ந்தது. சாம்பியா கடனில் சிக்கியது. அதன் கப்வே நகரில் ஈயச் சுரங்கம் 1994இல் மூடப்பட்ட பின்னரும், மண்ணில் தங்கிய ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்துவருகிறது. போட்ஸ்வானாவில் 1967இல் வைரம் கண்டறியப்பட்டது. அந்நாடு வருவாயைப் பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவத்துக்கும் செலவிட்டதோடு, எதிர்காலத்துக்கெனப் புலா நிதியம் என்ற சேமிப்பையும் 1994இல் ஏற்படுத்தியது. இன்று அங்கு ஒருவருக்கான சராசரி வருவாய் சாம்பியாவைப் போலப் பன்மடங்கு.

ஆயினும் போட்ஸ்வானாவின் கதையிலும் எச்சரிக்கை உண்டு. வருவாய் ஏறிக்கொண்டிருந்த 1990களிலேயே எச்.ஐ.வி. தொற்றினால் அம்மக்களின் சராசரி ஆயுள் சரிந்தது. கையில் பொருள் இருந்ததாலும் பிறர் உதவி கிட்டியதாலும் 2002இல் அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயுள் மீண்டும் உயர்ந்தது. செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையிலான பெரும் இடைவெளி அங்கு இன்னும் மறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் உருவாகும் வைரம் சந்தைக்கு வந்த பின், ஒரே பொருளை நம்பியதன் இடரையும் அந்நாடு உணர்ந்துவருகிறது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் கருத்து இதுதான். வருவாய் வாழ்வின் நலத்துக்குக் கருவியே. அக்கருவியை நலமாக மாற்றும் ஏற்பாடு இல்லையேல் அது கைக்கு வந்த வழியே போய்விடும். வருவாய் பெரிதல்ல என்று வயிறு நிறைந்தவர் கூறுவது எளிது. இரயிலேறும் தங்கவயல் இளைஞரிடம் அதைக் கூற நமக்கு உரிமை இல்லை. அவருக்கு ஊருக்கு அருகிலேயே வேலை கிடைக்கவும், தூசி மேடுகளால் தீங்கு நேராதிருக்கவும் வழி செய்வது அரசின் கடமை. தனியொரு குடும்பத்தின் சிக்கனம் அக்கடமைக்கு ஈடாகாது.

எனினும் நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். கூடுதல் சம்பளத்துக்காக ஊர் மாற எண்ணும்போது வாடகை, பயணச் செலவு, பயண நேரம் ஆகியவற்றைக் கழித்து மீதியைக் கணக்கிடுவோம். வேலை நின்றாலும் சில மாதங்கள் அடுப்பெரியும் அளவுக்குத் தனிச் சேமிப்பு வைப்போம். நிறுவனம் தரும் மருத்துவ வசதி வேலையோடு முடிந்துவிடும் என்பதை நினைந்து, குடும்பத்துக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுப்போம். குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை வேலையில் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம். வீட்டில் அனைவரும் ஒரே தொழிலை நம்பியிருந்தால், அடுத்த தலைமுறைக்கு வேறொரு திறனைக் கற்பிப்போம்.

தங்கவயல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 800 டன் பொன்னை வெளியே அனுப்பிய ஊர். அப்பொன்னில் ஒரு சிறு பங்கேனும் ஊரின் நாளைக்கென ஒதுக்கப்பட்டிருந்தால், மாரிக்குப்பத்து விடியற்காலை வண்டியில் இன்று இத்தனை நெரிசல் இருந்திராது.