அலுமினியக் கம்பியும் அஜாக்கிரதையும்

எங்கேனும் தீ விபத்து நேர்ந்தால், "மின்கசிவே காரணம்" என்ற ஒரு வார்த்தையோடு விசாரணை முடிந்துவிடுகிறது. குற்றம் கம்பியினுடையதா, அதைப் பொருத்திய கையினுடையதா என்று கேட்பார் இல்லை. அலுமினியக் கேபிள் விஷயத்தில் இக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும்.

அலுமினியம் நமக்கு இன்றியமையாத உலோகம். அதன் தாதுவாகிய பாக்ஸைட் ஒடிஸா முதலிய பிரதேசங்களில் மிகுதியாகக் கிடைக்கிறது. செம்பின் தாதுவுக்கோ நாம் பெரும்பாலும் அந்நிய நாடுகளை எதிர்நோக்கி நிற்கிறோம். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பின் திறமையில் ஏறக்குறைய 61 சதவிகிதமே உடையது. ஆயினும் அதன் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலையும் மலிவு. ஆகையால் சற்றுத் தடித்த கம்பியாக அதை உபயோகிப்பது சிக்கனமே.

ஆனால் செம்பைப் பொருத்துவதுபோல் அலுமினியத்தைப் பொருத்தலாகாது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலமொன்று படிகிறது. திருகின் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி விலகும். சூடேறினால் செம்பைவிட அதிகமாக விரிந்து, ஆறும்போது சுருங்கும். செம்புடன் ஈரத்தில் சேர்ந்தால் அரித்துப்போகும். இவற்றால் இணைப்புத் தளரும். தளர்ந்த இடம் கொதிக்கும். கொதிப்பு மேலும் தளர்த்தும். மின்னோட்டம் அளவை மீறாததால் ஃபியூஸும் போகாது. காவலன் விழித்திருக்கும்போதே வீடு எரியும்!

அமெரிக்கர் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1965 முதல் 1973 வரை அங்கே பல வீடுகளில் அலுமினியக் கம்பி இடப்பட்டது. 1974 ஏப்ரலில் நியூயார்க் ராஜ்யத்து ஹாம்ப்டன் பேய்ஸில் ஒரு வீடு தீப்பற்றி இருவர் மாண்டனர். அலுமினியக் கம்பியின் இணைப்புப் பழுதே காரணமென்று தீயணைப்பு அதிகாரிகள் கண்டனர். 1972க்கு முற்பட்ட அலுமினியக் கம்பியுள்ள வீடுகளில் இணைப்புகள் அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் எச்சரித்தது. எனினும் கம்பி முழுவதையும் பிடுங்கியெறிவது ஒன்றே வழி என்று அது கூறவில்லை. ஒவ்வோர் இணைப்பையும் உரிய முறையில் திருத்துவதையும் ஏற்றுக்கொண்டது. குற்றம் முனையில் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

செய்யவேண்டியது கடினமன்று. இழைகள் வெட்டுப்படாமல் உறையை உரித்து, முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, உடனே அதற்குரிய பசையைத் தடவ வேண்டும். கம்பியின் அளவுக்கேற்ற அலுமினிய லக்கில் செருகி, சரியான அச்சுள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். செம்புப் பட்டையோடு சேருமிடத்தில் இருஉலோக லக் வேண்டும். போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும். சுத்தியலால் லக்கைத் தட்டி நசுக்குவதும், செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கி டேப் சுற்றுவதும் குற்றமென்றே கொள்ளத்தக்கவை.

உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றோரின் மேற்பார்வையில் இவ்வேலையைச் செய்யவேண்டுமென்று நமது விதிகள் கூறுகின்றன. விதி ஏட்டில் இருந்து பயனென்ன? சோதனைக்கு வரும் உத்தியோகஸ்தர் சான்றிதழை மட்டுமன்றி, பெட்டியைத் திறந்து முனைகளையும் பார்வையிடட்டும். வயர்மேனுக்கு உரிய கருவியையும் பயிற்சியையும் ஒப்பந்தக்காரர் அளிக்கட்டும். வீட்டுக்காரரும் லக்கின் விலையில் மிச்சம் பிடிக்க முயலாதிருக்கட்டும். அந்தச் சொற்ப லாபத்துக்கு ஈடு வைக்கப்படுவது மனித உயிர் என்பதை எவரும் மறக்கலாகாது.