ஆற்றில் தண்ணீர், கணக்கில் மார்ச்

பிப்ரவரி பிறந்துவிட்டால் நம் தொழிலில் இருப்பவர்களின் கைபேசிக்கு ஓய்வில்லை. “சார், இருபதாம் தேதிக்குள்ள ரெண்டு பேட்ச் முடிச்சுக் குடுத்துடுங்க. நாற்றங்கால் ஒண்ணு, உரம் ஒண்ணு.” கூப்பிடுகிறவரைக் குறை சொல்ல முடியாது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்த நாட்களில் டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கிறது, தாளடி முற்றிக்கொண்டிருக்கிறது, விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் கிடக்கிறார். நாற்றங்காலைப் பற்றிப் பேசப் போனால் காட்டுவதற்கு ஒரு சாண் நாற்று கிடையாது. வகுப்பு நிஜமாகவே தேவைப்படும் ஜூன், ஜூலையில் அதே அலுவலகத்தைக் கேட்டால் “இன்னும் ஃபண்ட் வரல சார்” என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்கள், வேளாண் பட்டம் முடித்துவிட்டு எந்த நிறுவனத்திலும் சேராதவர்கள், நடவு இயந்திரம் ஓட்டக் கற்றுத்தரும் மெக்கானிக்குகள், சக விவசாயிக்குப் பாடம் எடுக்கும் முன்னோடி விவசாயிகள் என்று தனியாளாகப் பயிற்சி தருபவர்கள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் கூடிக்கொண்டே போகிறார்கள். இவர்கள் இந்த இதழுக்கு எழுதும் கடிதங்களில் மதிப்பூதியம் குறைவு என்பதும், அது வருவதற்குள் அடுத்த போகம் வந்துவிடுகிறது என்பதும்தான் பெரும்பாலும் இருக்கும். நியாயமான குறைகள்தான். ஆனாலும் இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்று எங்களுக்குத் தோன்றுகிறது: நாம் நம் வேலையை நாள் கணக்கில் விற்கிறோம். டெல்டாவில் அது போகக் கணக்கில் விற்க வேண்டிய வேலை.

செம்மை நெல் சாகுபடியையே எடுத்துக்கொள்வோம். பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் அரசு அதற்கு ‘இராசராசன் 1000’ என்று பெயர் வைத்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு, பிறகு கோனோவீடர். மேடையில் சொல்ல இருபது நிமிடம் போதும். ஆனால் விதை ஊறுவதற்கு முன்னால் ஒரு முறை, நடவன்று மார்க்கர் இழுக்கும்போது ஒரு முறை, களைக்கருவி ஓட்டும்போது ஒரு முறை வயலில் நிற்காத பயிற்றுநரின் வகுப்பு நோட்டீஸ் கொடுத்ததற்குச் சமம். இந்தோனேசியாவில் புகையான் தாக்குதலை அடுத்து, 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார்கள். 1989இல் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, வாரம் ஒரு நாள் வீதம் ஒரு போகம் முழுக்க வயலிலேயே நடந்தது. அந்தப் பள்ளியின் பெயரை நாம் இரவல் வாங்கினோம். வாரக் கணக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

போகத்துக்கு ஒப்புக்கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: போகம் எப்போது தொடங்கும் என்பது நம் கையில் இல்லை. மேட்டூர் திறப்பு என்றால் ஜூன் 12 என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020இல் திறந்தது. 2022இல் மே 24க்கே தண்ணீர் விட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். கும்பகோணம் பக்கம் ஆழ்குழாய் வைத்திருப்பவர் அணையை எதிர்பார்க்காமல் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பொறுக்க முடியாமல் புழுதியில் நேரடி விதைப்பு செய்துவிடுவார். அவரிடம் போய் நாற்றங்கால் படம் காட்டினால் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஆகவே ஒப்பந்தத்தில் ‘ஜூலை 5’ என்று எழுதாதீர்கள். ‘நாற்று விட்ட பத்தாம் நாள்’, ‘வாய்க்காலில் தண்ணீர் வந்த ஒரு வாரத்துக்குள்’ என்று எழுதுங்கள். அலுவலகக் கோப்புக்குத் தேதி வேண்டும் என்பார்கள். உத்தேச மாதத்தைக் கொடுத்துவிட்டு, இந்த வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிடிவாதமாகக் கேட்டால் சேர்க்கிறார்கள்.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அடுத்த தலைவலி. காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் பட்டாதாரர் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வருவதில்லை. நடவு நடும் பெண்கள் விடியற்காலையிலேயே வயலில் இறங்கிவிட்டார்கள். சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் நடுகிறார்கள். அவர்களிடம் ‘குத்துக்கு ஒரு நாற்று’ என்று யார் போய்ச் சொல்வது? வரிசை நடவைப் பற்றி, நாற்றைக் கையால் தொடாதவருக்கு அரை நாள் பாடம் எடுக்கிறோம். நடவு ஆட்களின் மேஸ்திரிக்கு அரை நாள் கூலியைப் பயிற்சிச் செலவிலேயே வைத்து அவரை அழைத்துவரக் கேளுங்கள். பிரியாணிப் பொட்டலத்துக்கும் பேனருக்கும் பணம் இருக்கும்போது இதற்கு இல்லாமல் போகாது.

கணக்கும் அவர்கள் மொழியில் இருக்கட்டும். பரிந்துரைகள் எக்டேரில் வருகின்றன. தஞ்சாவூர் விவசாயி மாவில் நினைக்கிறார். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு பரிந்துரை எக்டேருக்கு 125 கிலோ தழைச்சத்து என்றால், அதை அப்படியே படித்துவிட்டு உட்கார்ந்தால் யாருக்கும் பயனில்லை. முழுவதையும் யூரியாவாகப் போட்டால் மாவுக்குச் சுமார் 37 கிலோ, நான்காகப் பிரித்தால் தடவைக்கு ஒன்பது கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை ஐந்து மாவுக்கு ஒரு தடவை வரும் என்று சொன்னால் பின்வரிசையில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார்.

வகுப்பு முடிந்த பிறகு தொடர்பு அறுந்துபோவதைப் பற்றி எல்லோரும் புலம்புகிறோம். இதற்குத் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ஒரு வழி கண்டார்கள். 2006 முதல் அங்கே நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல் விதையை விவசாயிக்கு இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார். விதை பெருக்குவதற்கான ஏற்பாடு அது என்று மட்டும் பேசப்படுகிறது. பயிற்றுநர் கண்ணால் பார்த்தால், கற்றவரை அடுத்த ஆண்டும் நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு அது, ‘எப்படி விளைந்தது?’ என்ற கேள்வி தானாக வந்துவிடும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். இந்த நிபந்தனையை மற்றப் பயிற்சிகளுக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. களைக்கருவியை இரவல் கொடுத்துத் திருப்பி வாங்கும்போது வயலைப் பார்த்துவிட்டு வரலாமே!

இனி பணம். தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பேருந்து ஏறாதீர்கள். பணி ஆணை ஒன்று, மின்னஞ்சலாகவாவது, கையில் இருக்கட்டும். உத்யம் பதிவு வைத்திருக்கும் சேவைத் தொழிலருக்கு 2006ஆம் ஆண்டு சிறு, குறு நிறுவனச் சட்டம் ஒரு பிடி கொடுக்கிறது: எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும்; தவறினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. நாளைக்கு மறுபடி அழைக்க வேண்டியவர் மேலேயே புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது என்பது உண்மைதான். பில்லின் அடியில் பதிவு எண்ணையும் கெடு நாளையும் அச்சிட்டு வைத்தாலே கொஞ்சம் வேகம் பிறக்கும். பிடித்த வரி 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 விழுக்காடு வரை பிடித்துவிடுவார்கள்.

மருந்துக் கம்பெனி பணம் கொடுத்து நடத்தும் கூட்டங்களைப் பற்றி ஒரு வரி. போகக் கூடாது என்று சொல்லும் நிலையில் நம்மில் பலர் இல்லை. போனால், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். விவசாயிக்கு அது எப்படியும் தெரியும்.

போகத்துக்கு நான்கு முறை வயலுக்கு வருவதாக ஒப்புக்கொள்ளும் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தை இந்த இதழின் நடுப்பக்கத்தில் தந்திருக்கிறோம்: நாற்றங்கால், நடவு, தூர் கட்டும் பருவம், பூப்பதற்கு முன். கால்வாசித் தொகை முன்பணம். அணை திறப்பு தள்ளிப்போனால் வருகை தள்ளிப்போகும், தொகை மாறாது. கிழித்து எடுத்து, உங்கள் ஊர் வாய்க்காலுக்கு ஏற்ப நாட்களைத் திருத்தி, மேட்டூர் மட்டம் செய்தியில் வரத் தொடங்குவதற்கு முன்னால் வட்டார அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.